கடல்வழியே வந்த மாமன் மடி

உச்சிப்பொட்டல் ஆட்களை யாராவது குறை சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களைப் போலச் சொன்ன சொல் கேட்கிறவர்கள் இந்தச் சீமையிலேயே கிடையாது. தொல்லையே அதுதான்.

முன்னொரு காலத்தில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், ஆலமரத்தடியில் கிணறு வெட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் சொந்தமாக யோசித்துவிட்டார். மரத்தடியில் வெட்டினால் இலை விழுமே என்று பாறை மேட்டில் போய் வெட்டினார். பதினெட்டு வருஷம் வெட்டியும் ஈரம்கூடக் கசியவில்லை. அன்றைக்கு ஊர் கூடித் தீர்மானம் போட்டது: இனிமேல் யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி செய்யணும், சொந்தப் புத்தியைக் கலக்கக் கூடாது. அந்தத் தீர்மானத்தை அந்த ஊரில் இன்றுவரை ஒருத்தரும் மீறியது கிடையாது.

அந்த ஊரில் பிறந்தவன்தான் நம்ம மாடக்கண்ணு. அவனுக்கு ஒரே தங்கச்சி, சண்முகக்கனி. அவளைக் கடற்கரையோரம் முத்தன்துறையில் லிங்கத்துரை என்கிற மீன்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, இசக்கிப்பிரியா என்று பேர். குழந்தைக்கு முதல் மொட்டை போட நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே மொட்டை போடணும்? மாடக்கண்ணு பெண்டாட்டி குருவம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

கண்டக்டர் நல்ல மனுஷர். ஊர் வந்ததும் நானே சொல்லுதேன், அதுவரைக்கும் இறங்காதீங்க என்று சொல்லி உட்கார வைத்தார். நடுவழியில் அவருக்கு டியூட்டி முடிந்து இறங்கிப் போய்விட்டார். வேறு ஒருவர் ஏறினார். அவருக்கு இந்த விஷயம் தெரியாது. பஸ் அன்றைக்கு முத்தன்துறை வழியாக நாலு தடவை போய் வந்தது. ஸ்டாப்பில் லிங்கத்துரை கையில் மாலையோடு நிற்பதை நாலு தடவையும் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகக் கையும் காட்டினார்கள். ஆனால் ஊர் வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லையே, எப்படி இறங்குவது?

கடைசியில் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த, சண்முகக்கனிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தன் மடியில் வைத்து மொட்டையை முடித்துவிட்டார்கள். சண்முகக்கனி மூன்று நாள் அழுதாள். அவள் மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள்: காதுகுத்துக்கும் உங்க அண்ணன் வரலைன்னா, இனிமேல் இந்தப் பிள்ளைக்கு எல்லாச் சடங்குக்கும் கோவில்பட்டிக்காரன்தான் மாமன். அதைக் கேட்டதிலிருந்து மாடக்கண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் குனிந்து தன் மடியைப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான். குருவம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

இந்தச் சமயத்தில் குருவம்மாவின் அப்பா ஒரு காரியம் செய்தார். மருமகனுக்கு ஏற்கெனவே ஆடு வாங்கிக் கொடுத்து, அது நிலைக்கவில்லை. ஆடு மாதிரி ஓடிப்போகாத ஒன்றாகப் பார்த்து, ஒரு பழைய ஃபைபர் படகை எஞ்சினோடு வாங்கிக் கொடுத்து, கீழமணல் என்கிற கடற்கரைக் குப்பத்தில் இருவரையும் குடிவைத்தார். அங்கிருந்து முத்தன்துறை கடல்வழியாக ஒன்றரை மணி நேரம். கண்டக்டர் இல்லாத வழி. இந்தத் தடவை படகிலேயே போய்விடுவது என்று மாடக்கண்ணு முடிவு பண்ணினான்.

படகு ஓட்டப் பழக்கியவர் இன்னாசித் தண்டல். நாற்பது வருஷமாகப் படகோட்டிகளுக்குத் தலைவராக இருந்தவர், பொறுமைசாலி. முதலில் படகில் உட்கார்ந்து பழகுங்கள் என்றார். புருஷனும் பெண்டாட்டியும் மணலில் கிடந்த படகில் ஒரு வாரம் உட்கார்ந்து பழகினார்கள். சாப்பாடுகூட அங்கேதான். சரி, இனித் தண்ணீரில் இறங்கிப் பழகுங்கள் என்றார். படகைக் கரையிலேயே விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இன்னொரு வாரம் நின்றார்கள். மூன்றாவது வாரம் தண்டல் தானே கையைப் பிடித்துப் படகில் ஏற்றி, எஞ்சினைக் கிளப்பி, துறைக்குள்ளேயே சுற்றிக் காட்டினார். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பயம் போய்விட்டது. தண்டலுக்குத்தான் வந்தது.

காதுகுத்து ஒன்பது மணிக்குள். அதற்குப் பிறகு நேரம் சரியில்லை. விடியற்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். வாழைத்தார், தேங்காய், பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல் என்று சீர் சாமான்கள் கூடை கூடையாக ஏறின. துணைக்கு மாடக்கண்ணுவின் பெரியப்பா மகன் வெயிலுமுத்துவும் ஏறினார். அவரும் உச்சிப்பொட்டல்தான், சொல்லவே வேண்டாம். தண்டலுக்கு முழங்கால் வலி, வர முடியாது. கரையில் நின்று நாலே நாலு விஷயம் சொன்னார்.

"கேட்டுக்க தம்பி. கரையை இடது கைப்பக்கம் வச்சுக்கிட்டே போ. ஒரு ஆள் ஆழத்துக்குக் குறைஞ்சா வெளிய திருப்பிரு. அலை வந்தா முகம் கொடுத்து நேரா வாங்கு. படகைக் கட்டுற வரைக்கும் சுக்கானைக் கைவிடாத. இவ்வளவுதான்."

குருவம்மா நாலையும் விரல் விட்டு எண்ணி இரண்டு தடவை ஒப்பித்தாள். மாடக்கண்ணு எஞ்சினின் கைப்பிடியை, அதாவது அந்தச் சுக்கானை, வலது கையால் இறுகப் பிடித்தான். படகு கிளம்பியது. தண்டல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

துறையைத் தாண்டியதும் முதல் அலை வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அலையைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். படகு பாட்டுக்குப் பக்கவாட்டில் நின்றது, அதை யார் பார்த்தார்கள்? அலை வந்து மூன்று முகத்திலும் அறைந்து, வாழைத்தாரைக் குளிப்பாட்டி, அந்தப் பக்கம் போனது. இரண்டாவது அலைக்கும் அப்படியே. நேராகத்தான் வாங்கினோம், ஒரு சொட்டுகூட முதுகில் படவில்லை என்று வெயிலுமுத்து திருப்தியாகத் துண்டைப் பிழிந்தார். தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த குருவம்மாவும் ஆமாம் என்றாள்.

அடுத்தது ஆழம் பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"ஒரு ஆள் ஆழம்னு சொன்னாரு. எந்த ஆளுன்னு சொல்லலையே," என்றாள் குருவம்மா.

"நான் சுக்கானை விடக் கூடாது. அதனால நான் அந்தக் கணக்குல வர மாட்டேன்," என்றான் மாடக்கண்ணு.

"நான் இறங்குனா சேலை நனையும். இதுதான் சபைக்குக் கட்டிக்கிட்டு வந்த சேலை."

இருவரும் வெயிலுமுத்தைப் பார்த்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக ஒரு பொறுப்பு அவரைத் தேடி வந்திருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டி, குருவம்மா அவரை மெள்ளக் கடலில் இறக்கினாள். தலை தெரிந்தால் ஆழம் காணாது. ஆள் மறைந்தால் ஆழம் போதும். அன்றைக்கு அவர் எட்டுத் தடவை மறைந்தார். ஒவ்வொரு தடவையும் மேலே இழுத்ததும், வாயில் இருக்கும் தண்ணீரைத் துப்பிவிட்டு, ஆழம் போதும் என்று சொன்ன பிறகுதான் மூச்சே வாங்குவார். ஒன்பதாவது தடவை தலை தெரிந்தது. மாடக்கண்ணு உடனே சொன்னபடி படகை வெளியே, ஆழ்கடல் பக்கமாகத் திருப்பினான்.

அங்கேதான் வினை. கரைக்குக் கொஞ்சம் தள்ளி, கடலுக்குள் நண்டுத்திட்டு என்று ஒரு சின்னத் தீவு. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம், அவ்வளவுதான் இருக்கும். படகு வெளிப்பக்கமாகப் போனதால் இடது கைப்பக்கம் இப்போது இந்தத் தீவின் கரை வந்துவிட்டது. மாடக்கண்ணு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கரை வளைந்தது, அவனும் வளைந்தான். இன்னும் வளைந்தது, இன்னும் வளைந்தான்.

ஓர் இடத்தில் சிவப்புக் கைலி கட்டிய ஆள் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கறுப்பு நாய், கவிழ்த்துப் போட்ட படகு ஒன்று. மூன்று பேரும் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார். அரை மணி கழித்து இன்னொரு சிவப்புக் கைலி, இன்னொரு நாய், இன்னொரு கவிழ்ந்த படகு வந்தது. மறுபடியும் கும்பிட்டார்கள்.

இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் பேசிவைத்த மாதிரி இருக்கிறதே என்று குருவம்மா ஆச்சரியப்பட்டாள். மூன்றாவது தடவை அந்த ஆள் தூக்குவாளியைத் திறந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாடக்கண்ணுக்கு நிம்மதி வந்தது. போன ஊர்க்காரன் வேலை பார்த்தான், இந்த ஊர்க்காரன் சாப்பிடுகிறான், அப்படியானால் நாம் தூரம் வந்திருக்கிறோம் என்று விளக்கினான். சூரியன் ஒரு நேரம் முகத்திலும் ஒரு நேரம் முதுகிலும் அடிப்பதைப் பற்றி வெயிலுமுத்து லேசாகச் சந்தேகம் கிளப்பினார். அது சூரியனோட பாடு, நமக்கு அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே என்று குருவம்மா சொன்னதும் அடங்கிவிட்டார்.

அப்போது செல்போன் அடித்தது. சண்முகக்கனி. குருவம்மா ஸ்பீக்கரில் போட்டுப் புருஷன் காதோரம் பிடித்தாள்.

"அண்ணே, எங்க இருக்க? மணி எட்டு ஆயிட்டு."

"மூணு ஊரு தாண்டிட்டோம் தாயி."

"என்னென்ன ஊரு?"

"பேரு தெரியல. எல்லா ஊருலயும் நாய் இருக்கு."

 அந்தப் பக்கம் சண்முகக்கனி அழுகிற சத்தம் கேட்டது. கோவில்பட்டி அண்ணன் வந்துவிட்டானாம். புது வேட்டி கட்டி, சம்மணம் போட்டு, மடியைத் தட்டித் தட்டிச் சரிபண்ணிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்கிறானாம். நீ வரலைன்னா எனக்கு அண்ணனே இல்லைன்னு ஆயிரும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மாடக்கண்ணுக்குக் கண்ணீர் வழிந்தது. ஒரு கை சுக்கானில் இருந்தது. தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்தவன் அவன். கண்ணீரைத் துடைக்க இரண்டாவது கை இருந்ததே தவிர, துடைக்கத் தோன்றவில்லை.

நாலாவது தடவை வந்தபோது சிவப்புக் கைலிக்காரர் எழுந்து தண்ணீருக்குள்ளேயே வந்துவிட்டார். எதுக்கப்பா இந்தத் தீவையே கோயில் மாதிரி சுத்துறீங்க, வேண்டுதலா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, எதிர்க்கரையில் தெரிந்த வெள்ளைத் தண்ணீர்த்தொட்டியைக் காட்டினார். அதுதான் முத்தன்துறை, குறுக்கே விட்டால் கால் மணி நேரம் என்றார்.

மாடக்கண்ணு அசையவில்லை.

"குறுக்க போனா இடது கைப்பக்கம் கரை இருக்காதே," என்றான்.  போகவும் ஆசை, தண்டல் சொல்லைத் தட்டவும் மனசில்லை.

குருவம்மா யோசித்தாள். பிறகு ஒரு தேங்காய்க் கூடையைக் காலி பண்ணிச் சிவப்புக் கைலிக்காரரிடம் நீட்டினாள். "அண்ணாச்சி, இதுல கொஞ்சம் கரை அள்ளிப் போடுங்க."

கூடை நிறைய மணல் வந்தது. அதைப் புருஷனின் இடது கைப்பக்கம் வைத்தாள். மாடக்கண்ணு தொட்டுப் பார்த்தான். கரைதான். பெண்டாட்டியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. அப்புறம் எஞ்சினை முறுக்கினான் பாருங்கள், கைலிக்காரர் முகமெல்லாம் தண்ணீர்.

எட்டு நாற்பதுக்குப் படகு முத்தன்துறை மணலில் மோதி நின்றது. கரையெல்லாம் சொந்தபந்தம். சண்முகக்கனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். லிங்கத்துரை வேட்டி நனையத் தண்ணீரில் இறங்கி, இறங்குங்க மச்சான், நேரமில்லை என்று கையை நீட்டினார். மாடக்கண்ணு இறங்கவில்லை. முதலில் படகைக் கட்டுங்கள் என்றான்.

முத்தன்துறையில் படகைக் கட்டுகிற வழக்கம் கிடையாது. மணலில் இழுத்துப் போடுவார்கள், அதுபாட்டுக்குக் கிடக்கும். அதை எடுத்துச் சொன்னார்கள். கட்டாத படகில் சுக்கானை விடக் கூடாதென்று தண்டல் சொல்லியிருக்கிறார் என்று குருவம்மா பணிவாகப் பதில் சொன்னாள். பக்கத்துப் படகில் கயிற்றைக் கட்டினார்கள். அந்தப் படகு எதில் கட்டியிருக்கிறது என்று வெயிலுமுத்து கேட்டார். அது எதிலும் கட்டியிருக்கவில்லை. மணலில் ஒரு கம்பை நட்டுக் கட்டினார்கள். குருவம்மா சுண்டு விரலால் தள்ளினாள், கம்பு சாய்ந்தது. இப்படியே ஐந்து நிமிஷம் போய்விட்டது.

இந்த ஊரில் அசையாத கம்பம் எங்கே இருக்கிறது என்று மாடக்கண்ணு கேட்டான். மூன்று தெரு தள்ளி, எங்க வீட்டுப் பந்தக்கால்தான் இருக்கு என்றாள் சண்முகக்கனி. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். வந்துவிட்டான், இதோ நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான், ஆனாலும் வரவில்லை. 

லிங்கத்துரை மீன்காரர். படகைத் தோளில் தூக்கியே வளர்ந்தவர். கரையில் நின்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"தூக்குங்கலே."

நாற்பது பேர் தோள் கொடுத்தார்கள். மாடக்கண்ணு, குருவம்மா, வெயிலுமுத்து, சீர், மணல் கூடை எல்லாவற்றோடும் படகு எழும்பி ஊருக்குள் கிளம்பியது. முன்னால் மேளக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். முதல் முக்கு வந்தது. மாடக்கண்ணு சுக்கானை ஒடித்தான். தெரு வலது பக்கம் திரும்பியது, தூக்கினவர்களும் திரும்பினார்கள், படகும் திரும்பியது. அவன் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் படகு அவன் சொன்னபடி கேட்டது அதுதான் முதல் தடவை.

டீக்கடை வந்தபோது குருவம்மா முறைப்படி வெயிலுமுத்தைக் கயிற்றில் இறக்கினாள். அவர் தெருவில் நின்றார். தலை தெரிந்தது. தலை என்ன, செருப்பு வரைக்கும் தெரிந்தது.

"ஆழம் காணாது," என்றார் வெயிலுமுத்து. சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மாடக்கண்ணு நாற்பது பேரையும் நிறுத்தச் சொன்னான். ஆழம் குறைந்தால் வெளியே திருப்பணும். அதாவது கடலுக்கு. பந்தல் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. முன்னால் ஓடிவிட்ட சண்முகக்கனியின் இடுப்பில் குழந்தையின் பாவாடைகூடத் தெரிகிறது. மணி எட்டு ஐம்பத்திரண்டு. அவன் கண்ணை மூடிக்கொண்டு சுக்கானைத் திருப்பப் போனான்.

குருவம்மா குனிந்து, வெயிலுமுத்தின் முகத்தைப் பார்த்தாள்.  அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தெருவில் மல்லாந்து படுத்தார். நாற்பது ஜோடிக் கால்களுக்கு நடுவில் மறைந்து போனார்.

"ஆள் தெரியல," என்று அறிவித்தாள் குருவம்மா. "ஆழம் போதும். விடுங்க."

படகு அவர்மேல் கடந்து போனது. யாரும் மிதிக்கவில்லை, தெய்வாதீனம். பந்தக்காலில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். குருவம்மா இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மாடக்கண்ணு சுக்கானிலிருந்து கையை எடுத்தான். விரல் ஐந்தும் மடங்கியே இருந்தன, விரியவில்லை. பரவாயில்லை, மடி விரிந்தது. கோவில்பட்டிக்காரன் எழுந்து இடம் கொடுத்தான். குழந்தையை வாங்கி மடியில் வைத்ததும் மாடக்கண்ணு விம்மி விம்மி அழுதான். ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தபோது மணி எட்டு ஐம்பத்தொன்பது. குழந்தை அழவேயில்லை. மாமன் அழுகிறதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சண்முகக்கனி அண்ணன் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள்.

பந்தியில் லிங்கத்துரை தானே மச்சானுக்கு இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே படகுச் சவாரி எப்படி இருந்தது என்று விசாரித்தார். மாடக்கண்ணு பாயசத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு யோசித்தான்.

"கடல்லதான் மச்சான் கொஞ்சம் தடுமாத்தம். ஊருக்குள்ள வந்த பிறகு நல்லாக் கை பழகிட்டு," என்றான். "அதனால நானும் இவளும் பேசி முடிவு பண்ணிட்டோம். சாயந்திரம் திரும்பும்போது ரோட்டு வழியாவே படகுல போயிருதோம். பதினெட்டு மைல்தானாம். அந்த நாப்பது பேரையும் வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்க."